பஞ்சு போன வழியில் தீ

1998 ஜூலை 20, மாலை 5 மணி. அமெரிக்காவின் மயாமி துறைமுகத்திலிருந்து கீ வெஸ்ட் தீவுக்குக் கிளம்பிய 'எக்ஸ்டசி' என்ற சொகுசுக் கப்பல் கரையை விட்டு அதிக தூரம் போயிருக்கவில்லை. பயணிகள் 2,565 பேர், ஊழியர்கள் 916 பேர். சற்று நேரத்தில் பின்புறத்திலிருந்து கரும்புகை எழுந்தது. தீ பற்றிய இடம் எஞ்சின் அறையோ சமையலறையோ அல்ல, துணி வெளுக்கும் கூடம்.

அங்கே விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளை இயந்திரத்தில் அனுமதி இல்லாமல் வெல்டிங் வைத்தார்கள். காற்றுக்குழாயில் மண்டிக் கிடந்த பஞ்சு பற்றிக்கொண்டது. அந்தக் குழாய் வழியாகவே தீ பின்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கப்பலைக் கரையில் கட்டும் வடங்கள் அங்கேதான் இருந்தன. வடம் என்று பெயர்தான். பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். தானாக நீர் தெளிக்கும் ஏற்பாடும் அந்தத் தளத்தில் இல்லை. ஓட்டம் நின்று கப்பல் மிதக்க, இழுவைப் படகுகள் வந்து தண்ணீரைப் பீய்ச்சின. தீ அடங்கும்போது இரவு 9 மணி தாண்டிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, நஷ்டம் 1.7 கோடி டாலருக்கு மேல்.

விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், வெல்டிங்கோடு சேர்த்து, குழாயைச் சுத்தமாக வைக்காத கப்பல் நிறுவனத்தையும் காரணமாகச் சொன்னது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய தவறாகப் படுகிறது. பொறி ஒரு நொடியில் தெறிப்பது. பஞ்சு அப்படி ஒரே நாளில் சேர்வதில்லையே.

டிரையரில் துண்டுகள் உருளும்போது இழை உதிரும். சல்லடை பிடித்தது போக மிச்சம் சூடான காற்றோடு குழாய்க்குள் போய்ப் படியும். கண்ணெதிரே இருக்கும் சல்லடையை யாரும் தட்டிவிடுவார்கள். குழாய்க்குள் தலையை விட்டுப் பார்ப்பது யார்? 'சோலாஸ்' எனப்படும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம், பெரிய பயணிகள் கப்பல்களின் சலவைக்கூடக் குழாய்க்குத் திறந்து பார்த்துச் சுத்தம் செய்யும் கதவுகளைக் கேட்பது இதனால்தான். தீ வந்தால் குழாயை அடைக்கும் தடுப்புத் தகடும், மின்விசிறியைக் கூடத்திலிருந்தே நிறுத்தும் வசதியும் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் விசிறி தீக்குத் துருத்தி.

பொறியே இல்லாமலும் துணி எரியும். சமையலறைத் துணியிலும் மசாஜ் துண்டிலும் ஏறிய தாவர எண்ணெய் ஒரு சலவையில் முழுதாகப் போகாது. அது காற்றோடு வினைபுரிந்து சூட்டைக் கிளப்பும். ஆறுவதற்குள் மடித்து அடுக்கினால், ஈர வைக்கோல்போர் உள்ளுக்குள் கொதிப்பதுபோல, அடுக்கின் நடுவே சூடு ஏறி, சில மணி நேரம் கழித்து, ஆள் இல்லாத நேரத்தில் புகையும்.

டிரையர் கடைசிச் சில நிமிடங்கள் சூடில்லாமல் வெறும் காற்றில் சுற்றுவது இதற்காகத்தான். அவசரத்தில் பாதியில் நிறுத்தினாலோ மின்சாரம் போனாலோ, துணியை உள்ளே விட்டுவைக்காமல் உடனே எடுத்து உதறிப் பரப்பிவிட வேண்டும்.