கோட்டைக்குப் பனி எங்கிருந்து வந்தது?

வா கண்ணா, இப்படி உட்கார். இந்தப் போட்டோவைக் கையில் வாங்கிப் பார்.

கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் ஒரு கோட்டை. அதன் முன்னால் மணல். எல்லாவற்றின் மேலும் ஒரு சாம்பல் மூட்டம். மார்கழி மாதத்து விடியற்காலையில் எடுத்த படம் என்றுதானே நினைக்கிறாய்?

இல்லவே இல்லை! இது சித்திரை மாதத்தில் எடுத்தது. மணி காலை பதினொன்று. மணல் சூட்டில் நிற்க முடியாமல் நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

"அப்புறம் பனி எங்கேருந்து வந்துச்சு மாமா?" என்று என் அக்கா மகள் கேட்டாள். நீயும் அதைத்தான் கேட்க வாயெடுத்தாய், இல்லையா? கெட்டிக்காரப் பிள்ளை! வா, சேர்ந்தே கண்டுபிடிப்போம்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். இது தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரை ஊர். தரங்கம் என்றால் அலை. பக்கத்துப் பொறையாறில்தான் என் அத்தை வீடு. பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடிவிடுவேன். கோடை விடுமுறை முழுக்க இந்த மணலில்தான் பட்டம் விட்டேன்.

படத்தில் தெரிவது டான்ஸ்போர்க் கோட்டை. தஞ்சாவூரை ஆண்ட இரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி, 1620-ல் டென்மார்க் நாட்டுக்காரர்கள் கட்ட ஆரம்பித்தது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். எழுநூறு வருடப் பழசு. அதன் முன்பக்கத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிட்டது.

கோட்டையும் கோயிலும் எனக்கு மனப்பாடம். அதனால்தான் இந்தப் படத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று உடனே தெரிந்துவிட்டது.

இப்போது பிலிம் கதைக்கு வருவோம். என் சித்தப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். கடையை மூடியபோது தன் யாஷிகா கேமராவை என்னிடம் கொடுத்தார். மேலேயிருந்து குனிந்து பார்த்துப் படம் எடுக்கும் ரகம். கூடவே ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பிரிக்காத ஒரே ஒரு கறுப்பு வெள்ளை ரோல். பெயர் 'இந்து'. இந்து என்றால் நிலா. நம் ஊட்டியில், 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை.

ரோலின் அட்டைப்பெட்டியில், மருந்து அட்டையில் இருப்பது போல, ஒரு வருடம் அச்சிட்டிருந்தது: 1999. அதற்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்று அர்த்தம். நான் அதை கேமராவில் போட்டபோது கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது! ரோல் மேல் குற்றமே இல்லை. காலம் கடந்து எடுத்தவன் நான்தான்.

சரி, பிலிமுக்குள் என்னதான் இருக்கிறது?

ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் ஜெலட்டின் என்ற பசைப்பூச்சு. நீ சாப்பிடும் ஜெல்லி மிட்டாய் கொழகொழவென்று இருக்கிறதே, அதே மாதிரிப் பொருள்தான். அந்தப் பசைக்குள் வெள்ளி உப்புப் பொடிகள் புதைந்து கிடக்கும். உன் தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் ஐம்பது பொடிகளுக்கு மேல் வரிசையாக அடுக்கலாம். அவ்வளவு பொடிசு!

ஒரு பொடிமேல் வெளிச்சம் பட்டால் என்ன ஆகும்? பார்த்தால் ஒன்றுமே ஆகாதது போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே ஒரு மூலையில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடி உட்காரும். அவ்வளவுதான். அந்தப் பொடிக்குள் மொத்தம் பல நூறு கோடி அணுக்கள் இருக்கின்றன. அதில் நாலைந்து எந்த மூலைக்கு?

இங்கேதான் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். ராத்திரி பாட்டி பாலில் என்ன விடுகிறார்? ஒரு கரண்டி உறைமோர். காலையில் பானைப் பால் முழுக்கத் தயிர்! அந்த நாலைந்து வெள்ளி அணுக்கள்தான் உறைமோர். ஸ்டூடியோக்காரர்கள் டெவலப்பர் என்ற கரைசலில் பிலிமை ஊறவைப்பார்கள். உறை விழுந்த பொடி முழுவதும் கறுத்த வெள்ளியாக மாறும். உறை விழாத பொடி அப்படியே இருக்கும். பிறகு ஹைப்போ என்ற இன்னொரு கரைசல் அந்த மாறாத பொடிகளைக் கரைத்து வெளியே அனுப்பிவிடும்.

வெளிச்சம் பட்ட இடம் கறுப்பு, படாத இடம் கண்ணாடி போலத் தெளிவு. இதுதான் நெகட்டிவ். புரிகிறதா? புரியாவிட்டால் தயிர்க் கதையை இன்னொரு தடவை படி. நான் காத்திருக்கிறேன்.

புரிந்ததா? சபாஷ். இப்போது ஒரு கேள்வி. பாலில் உறையே விடாமல், சித்திரை வெயிலில் அப்படியே வைத்துவிட்டால்?

"தானா திரிஞ்சு போயிடும்!"

அதேதான்! பிலிமும் அப்படித்தான். பெட்டிக்குள் கும்மிருட்டில் கிடந்தாலும் உள்ளே சூடு இருக்கிறது. சூடு என்றால் அணுக்களின் ஆட்டம். ஆடிக்கொண்டே இருக்கும்போது, இங்கே ஒரு பொடியில் அங்கே ஒரு பொடியில், நாலைந்து வெள்ளி அணுக்கள் தற்செயலாக ஒன்றுசேர்ந்துவிடும். வெளிச்சமே படாத பொடிக்கும் உறை விழுந்துவிட்டது! டெவலப்பருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பொடியையும் கறுப்பாக்கிவிடும். இப்படி பிலிம் முழுக்க ஒரு மெல்லிய சாம்பல் படரும். பனி மாதிரி!

"மாமா சும்மா அளக்கிறார்" என்று நினைக்கலாம். நினை, தப்பில்லை. அறிவியலில் யார் சொன்னாலும் சாட்சி கேட்க வேண்டும்.

சாட்சி என்னிடம் இருக்கிறது. நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அக்கா மகளிடம், "படத்தைப் பார்க்காதே, ஓரத்தைப் பார்" என்றேன். பிலிமின் இரண்டு ஓரங்களிலும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவிலும், கேமராவின் வெளிச்சம் விழவே விழாது. அங்கே கண்ணாடி போல இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் அங்கேயும் சாம்பல்!

தரங்கம்பாடியில் பனி பெய்திருந்தால் அது படத்துக்குள்தான் இருக்கும். ஓரத்துக்கு எப்படி வரும்? பனி ஊரில் இல்லை, பிலிமில்தான் இருக்கிறது. திருடன் மாட்டிக்கொண்டான்!

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். ஜெலட்டினை மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பார்கள். சில ஜெலட்டினில் செய்த பிலிம் வெளிச்சத்துக்குச் சட்டென்று மசிந்தது. சிலதில் செய்தது மந்தமாக இருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. 1920-களில் கோடாக் நிறுவனத்தில் இருந்த ஷெப்பர்டு என்ற விஞ்ஞானி காரணத்தைத் தேடிப் பிடித்தார். மாடு தின்ற கடுகுச் செடி! கடுகில் இருக்கும் கந்தகச் சத்து ஜெலட்டினுக்குள் வந்து, வெள்ளிப் பொடிகளின் தூக்கத்தை லேசாக்கியிருந்தது.

தூக்கம் லேசானால் என்ன ஆகும்? சின்ன வெளிச்சத்துக்கும் விழிக்கும். ஆனால் யாரும் கூப்பிடாமலே விழித்துக்கொள்வதும் உண்டு. அதனால்தான் மங்கிய வெளிச்சத்திலும் படம் எடுக்கும் வேகமான பிலிம்கள் சீக்கிரம் கெட்டுப்போகின்றன.

"அப்போ ஃப்ரிட்ஜில வெச்சிருந்தா கெட்டே போகாதா மாமா?"

அருமையான கேள்வி! ஃப்ரிட்ஜில் வைத்த பால் மாதிரி, பிலிமும் ரொம்ப நாள் தாங்கும். ஆனால் என்றென்றைக்கும் தாங்காது. ஏனென்றால் இன்னொரு ஆள் இருக்கிறார். அவருக்கு ஃப்ரிட்ஜ் கதவும் ஒன்றுதான், கோட்டைச் சுவரும் ஒன்றுதான்.

1896-ல் பாரிஸ் நகரத்தில் பெக்கரல் என்ற விஞ்ஞானி, கறுப்புத் தாளில் சுற்றிய போட்டோத் தகட்டின்மேல் யுரேனிய உப்பை வைத்து மேசை இழுப்பறைக்குள் மூடிவைத்தார். வெயிலே இல்லாத நாட்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்துத்தான் தகட்டைக் கழுவினார். பார்த்தால், உப்பு இருந்த இடம் நன்றாகவே கறுத்திருந்தது! யுரேனியத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் வருவது அப்படித்தான் தெரிந்தது. 1903-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அது மாதிரிக் கதிர்கள் மண்ணிலும் கல்லிலும் துளித்துளி உண்டு. வானத்திலிருந்தும் வருகின்றன. அவற்றுக்குக் காஸ்மிக் கதிர்கள் என்று பெயர். உன் உள்ளங்கையை விரித்துப் பிடி. ஒன்று... இரண்டு... மூன்று... நீ எண்ணும் ஒவ்வொரு நொடிக்கும் ஏறக்குறைய ஒரு துகள் உன் கையைத் துளைத்துக்கொண்டு போகிறது. பயப்படாதே, வலிக்காது. மனிதன் தோன்றிய நாளிலிருந்தே போய்க்கொண்டுதான் இருக்கிறது. நம் நாட்டு விஞ்ஞானி பிபா சௌதுரி, 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில், போட்டோத் தகடுகளை டார்ஜிலிங் மலையில் மாதக்கணக்கில் வைத்து இந்தத் துகள்களின் தடங்களை ஆராய்ந்தார். நம் பிஸ்கட் டின்னுக்குள்ளும் கால் நூற்றாண்டாக இந்தத் துகள்கள் புகுந்து புறப்பட்டிருக்கின்றன.

சரி, கெட்டுப்போன ரோலைக் குப்பையில் போட்டுவிடலாமா? அவசரப்படாதே. சந்தைக்கடை மாதிரி கூச்சலாக இருக்கும் வகுப்பை நினைத்துப் பார். டீச்சர் மெதுவாகப் பேசினால் காதில் விழாது. குரலை உயர்த்தினால் விழும். பிலிமின் சாம்பல்தான் கூச்சல். வெளிச்சம்தான் டீச்சர் குரல். அப்படியானால் என்ன செய்யலாம்? ஆமாம், வெளிச்சத்தைக் கூட்டலாம்! பத்து வருடம் கடந்திருந்தால் இரண்டு மடங்கு, இருபது வருடம் என்றால் நான்கு மடங்கு, முப்பது என்றால் எட்டு மடங்கு. இது பழைய பிலிம்காரர்களின் கைக்கணக்கு.

நான் ஒரு சோதனை செய்தேன். அதே இடம், அதே வெயில், அதே கேமரா. லென்சின் திறப்பை மட்டும் மாற்றி மூன்று படம் எடுத்தேன். முதலில், புது ரோலுக்கு வைப்பது போல 5 மில்லிமீட்டர் திறப்பு. அடுத்து 10 மில்லிமீட்டர். அகலம் இரண்டு மடங்கு, ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் நான்கு மடங்கு! ஏன் என்று கணக்கு டீச்சரைக் கேள். மூன்றாவதற்கு 14 மில்லிமீட்டர். ஏறக்குறைய எட்டு மடங்கு.

முதல் படம்தான் உன் கையில் இருக்கும் பனிக்கோட்டை. இரண்டாவதில் மதில் தெளிந்தது, ஆனால் வாசலுக்குள் வெறும் சாம்பல். மூன்றாவதில் வாசலுக்குள் இருக்கும் படிகூடத் தெரிந்தது. வெயில் பட்ட சுவர் சத்தமாகப் பேசுகிறது, கூச்சலிலும் கேட்டுவிடும். நிழல் மூலை கிசுகிசுக்கிறது. அதற்குத்தான் வெளிச்சம் அதிகம் வேண்டும்.

இன்னொரு படத்தில் கோயிலுக்கு மேலே, வானத்தில் மங்கலாக ஒரு 9! அக்கா மகள் பேய் என்றாள். பேயுமில்லை, பிசாசுமில்லை. இந்த வகை ரோலில் பிலிமோடு ஒரு தாளும் சேர்ந்து சுற்றியிருக்கும். அதன் முதுகில் 1, 2, 3 என்று எண்கள் அச்சிட்டிருக்கும். பாய் போலச் சுருட்டியதால் ஒரு சுற்றின் எண், அடுத்த சுற்றின் பிலிமை அழுத்திக்கொண்டே கிடந்தது. வருடக்கணக்கில் அந்த மையும் ஈரமும் பிலிமில் பதிந்துவிட்டன. அந்தப் படத்தைத்தான் அவள் தன் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

உன்னிடம் பிலிம் கேமரா இல்லையா? கவலைப்படாதே. அம்மாவிடம் கேட்டு போனை வாங்கு. ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, கேமராவின் கண்ணை விரலால் நன்றாக மூடி ஒரு படம் எடு. திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பெரிதாக்கிப் பார். வெறும் கறுப்பில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தாலும் தெரியலாம். அதுவும் கூச்சல்தான். போன் சூடானால் கூச்சல் கூடும். அதனால்தான் நட்சத்திரங்களைப் படம் பிடிக்கும் விஞ்ஞானிகள் தங்கள் கேமராவைக் குளிரவைக்கிறார்கள்.

கடைசியாக உனக்கு ஒரு புதிர். ஊட்டித் தொழிற்சாலையில் ஒரே நாளில் பிறந்த இரட்டை ரோல்கள். ஒன்று தரங்கம்பாடி பிஸ்கட் டின்னுக்கு வந்துவிட்டது. இன்னொன்று ஊட்டியிலேயே ஒரு பீரோவில் தங்கிவிட்டது. இருபத்தைந்து வருடம் கழித்து இரண்டையும் கழுவினால் எதில் பனி அதிகம்?

"இதென்ன பெரிய விஷயம்" என்று உடனே எழுதிவிடாதே. ஊட்டி குளிர்ந்த ஊர்தான். ஆனால் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உயரம். மலைமேல் ஏற ஏறக் காஸ்மிக் கதிர்களும் கூடும். அவற்றை எண்ணுவதற்கென்றே ஊட்டியில் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

ஒரு பக்கம் சூடு, இன்னொரு பக்கம் கதிர். எது ஜெயிக்கும்? யோசித்து எழுது. விடையோடு, ஏன் அப்படி நினைக்கிறாய் என்றும் ஒரு வரி எழுது. நான் முதலில் படிக்கப்போவது அந்த வரியைத்தான்.