யார் என்று கேட்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள்!

கோயில் திருவிழா முடிந்து கணக்குப் பார்க்கும் கூட்டம். வரவைத் தாண்டிவிட்டது செலவு. உடனே எழும் கேள்வி என்ன? "யார் செய்த வேலை இது?" என்பதுதான். செயலாளர் பொருளாளரைப் பார்ப்பார். பொருளாளர் பந்தலுக்குப் பேசியவரைப் பார்ப்பார். கூட்டம் கலையும்போது நிர்வாகம் இரண்டாகப் பிரிந்திருக்கும். கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

பெரிய தொழில் நிறுவனங்களிலும் இதே தொல்லை உண்டு. அதைத் தீர்க்க அங்கே சில முறைகளைக் கையாளுகிறார்கள். அவை படித்த அதிகாரிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நாமும் செய்யலாம்.

ஐந்து முறை 'ஏன்?'

ஜப்பானில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்து, நெசவுத் தறிகளைப் புதிது புதிதாக அமைத்தவர் சாக்கிச்சி டொயோடா (1867-1930). அவருடைய மகன் 1937-இல் தொடங்கிய கார் நிறுவனமே டொயோட்டா. அங்கே பொறியாளராக உயர்ந்த தாயிச்சி ஓனோ, 1978-இல் வெளியிட்ட நூலில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார்.

இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? சுமை கூடியதால் பியூஸ் எரிந்தது. சுமை ஏன் கூடியது? பேரிங்குக்குப் போதிய எண்ணெய் இல்லை. ஏன் இல்லை? பம்பு சரியாக எண்ணெய் இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போய்விட்டது.

முதல் கேள்வியோடு விட்டிருந்தால் புது பியூஸ் மாட்டியிருப்பார்கள். சில மாதங்களில் இயந்திரம் மறுபடியும் நின்றிருக்கும். இந்த ஐந்து பதில்களிலும் ஓர் ஆளின் பெயர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் திருவிழாக் கடனையும் இப்படிக் கேட்டுப் பார்ப்போம். கடன் ஏன்? பந்தல் செலவு கூடிவிட்டது. ஏன்? கடைசி வாரத்தில் ஏற்பாடு செய்ததால் கேட்ட விலையைக் கொடுத்தோம். ஏன் கடைசி வாரம்? நன்கொடை கைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை? சம்பள நாள் கழிந்த பிறகே ரசீதுப் புத்தகம் வெளியே போனது. ஏன்? எந்தத் தேதியில் கொடுப்பது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இதற்கு மருந்து நாள்காட்டியில் ஒரு கோடு; காசு செலவில்லை!

மீன் முள் படம்

எல்லாச் சிக்கலுக்கும் காரணம் ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. பல காரணங்கள் கலந்திருந்தால், பேராசிரியர் கவுரு இஷிகாவா 1943-இல் கவாசாக்கி ஆலைப் பொறியாளர்களுக்குக் காட்டிய வழி உதவும். மீனின் தலையில் சிக்கலை எழுதுங்கள். நடு முள்ளிலிருந்து ஆள், பணம், பொருள், முறை, காலம் என்று கிளை முட்களை வரையுங்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த காரணத்தை உரிய முள்ளில் எழுதட்டும்.

இதில் முக்கியம், எல்லாரையும் பேச விடுவது. 1962 முதல் ஜப்பானிய ஆலைகளில் பரவிய தரக் குழுக்களில், சாதாரணத் தொழிலாளர்களே உட்கார்ந்து தங்கள் வேலையின் குறைகளை ஆராய்ந்தார்கள். அன்னதானத்துக்கு அரிசி எத்தனை மூட்டை மிஞ்சியது என்பது சமைத்த அம்மாவுக்குத் தெரியும். அவரை யாரேனும் கூட்டத்துக்கு அழைத்தோமா?

நம் நாட்டில் 1982-இல் கிழக்கை நோக்கும் கொள்கை வந்தபின், ஜப்பானிய வேலை முறைகளைப் பற்றிய பேச்சு பரவியது. தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போன நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். சிலர் இந்த மீனை வரைந்திருப்பார்கள்.

எதை முதலில் தீர்ப்பது?

பத்துக் காரணம் தெரிந்தால் பத்தையும் ஒரே நாளில் தீர்க்க முடியாது. பெரும்பாலான நட்டம் ஒரு சில காரணங்களால்தான் வருகிறது என்று தர நிபுணர் ஜோசப் ஜுரான் எடுத்துச் சொன்னார். ஆகவே ரசீதுகளைப் பெரிய தொகையிலிருந்து சிறிய தொகை வரை அடுக்குங்கள். மேலே நிற்கும் இரண்டு மூன்றை முதலில் கவனியுங்கள். பிறகு என்ன செய்வது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் எழுதி எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுங்கள்.

எச்சரிக்கை இரண்டு உண்டு. பதிலை ஊகமாகச் சொல்லாமல், போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். பணம் கையாடப்பட்டிருந்தால் அதைக் கணக்குத் தணிக்கைதான் காட்டும். மீன் முள் அதற்கு ஈடாகாது.

வீட்டிலும் இது பயன்படும். மகன் கணக்குப் பாடத்தில் குறைந்த புள்ளி வாங்கி வந்தால், "உன்னால்தான் மானம் போகிறது" என்று அதட்டினால் அவன் வாயை மூடிக்கொள்வான். "ஏன், ஐயா?" என்று பொறுமையாக ஐந்து முறை கேட்டால், கரும்பலகை எழுத்து தெரியவில்லை என்ற உண்மை வெளிவரலாம். அவனுக்கு வேண்டியது அடியா, கண்ணாடியா என்பது அப்போதுதான் நமக்குத் தெரியும்.