திரும்பும் விமானமும் தீர்மானிக்கும் கையும்

இயந்திரம் பற்றிய ஆய்வு பொறியியலாளருக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆனால் உழைப்பவரின் கைத்திறன் இயந்திரத்தினுள் இடம்பெயரும் முறை ஒரு சமூகவியல் வினாவுமாகும். உயரம் மாறாது சாய்ந்து திரும்பும் விமானத்தை இந்நோக்கில் ஆராய்வோம்.

விமானம் சாயும்போது இறக்கைகளின் தூக்குவிசையில் ஒரு கூறு அதனை வளைவின் மையம் நோக்கி இழுக்கின்றது. செங்குத்துக் கூறு மட்டுமே எடையைத் தாங்குகின்றது. எனவே உயரம் குன்றாதிருக்க மொத்தத் தூக்குவிசை அதிகரித்தாக வேண்டும். 30 பாகைச் சாய்வில் எடையின் ஏறத்தாழ 1.15 மடங்கும், 60 பாகையில் இரு மடங்கும் தேவை. பழைய விமானங்களில் விமானி கட்டுப்பாட்டுக் கோலைத் தம்பால் இழுத்து இதனை ஈடுசெய்தார். சாய்வு கூடக் கூடக் கையிற் பாரமும் கூடிற்று. அப்பாரம் அவருக்கு எச்சரிக்கையாகவும் அமைந்தது.

'பிளை-பை-வயர்' எனப்படும் மின்வழிக் கட்டுப்பாட்டில் விமானியின் கைக்கும் விமானத்தின் அசையும் தளங்களுக்கும் இடையே கணனி நிற்கின்றது. 1987இல் முதன்முதற் பறந்த எயார்பஸ் ஏ320இல், 33 பாகை வரை, கோலை நடுநிலைக்கு விட்டாலும் சாய்வு நிலைக்கும். வேண்டிய மேலதிகத் தூக்குவிசையைக் கணனியே பெற்றுக்கொடுக்கும். அதற்கு மேலோ, கோலைப் பக்கவாட்டிற் பிடித்திருப்பதோடு பின்னோக்கி இழுக்கவும் வேண்டும். விட்டால் விமானம் 33 பாகைக்கு மீளும். கோலை முழுவதும் தள்ளினாலும் 67 பாகையைத் தாண்டாது. ஏறத்தாழ அச்சாய்விலேயே, உயரம் காக்கத் தேவையான தூக்குவிசை எடையின் 2.5 மடங்கு என்னும் சுமை எல்லையைத் தொடுகின்றது.

1995இல் சேவைக்கு வந்த போயிங் 777 இதே ஈட்டை 30 பாகை வரை செய்கின்றது. 35 பாகையைக் கடந்தால் கட்டுப்பாட்டுச் சக்கரம் விமானியை எதிர்த்துத் தள்ளும். எனினும் அவர் வலிந்து அதனை மீறலாம்.

இயற்கை விதி இரு விமானங்களுக்கும் ஒன்றே. வேறுபடுவது, இறுதித் தீர்மானம் யாருடையது என்பதற்கு வடிவமைத்தோர் அளித்த விடையாகும். முன்னர் காற்று தந்த பாரத்தை இப்போது எழுதப்பட்ட நிரல் தருகின்றது, அல்லது தர மறுக்கின்றது. உழைப்பவரின் அறிவு இயந்திரத்திற் படிந்து, அவருக்கு எதிரே வேறொரு சக்தியாக நிற்பதை மார்க்ஸ் சுட்டிக்காட்டியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

இதனால் இயந்திரத்தை நாம் நிராகரிக்கவில்லை. அது காக்கும் உயிர்கள் மெய்யானவை. ஆயின் அக்காப்பு எப்போதும் நீடிப்பதில்லை. 2009 யூன் 1இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேல் எயார் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகமானிக் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது. தன்னியக்க ஓட்டம் துண்டிக்கப்பட்டது; சாய்வுக் காப்பும் அகன்று, பக்கவாட்டுக் கட்டுப்பாடு நேரடியாக விமானியின் கைக்கு மீண்டது. பின்னர் விமானம் தூக்குவிசையிழந்து கடலில் வீழ்ந்தது. 228 பேர் மாண்டனர். உயர்ந்த பறப்பு மட்டங்களிற் கையால் ஓட்டும் பயிற்சி வேண்டும் என விசாரணையாளர் பின்னர் பரிந்துரைத்தனர்.

நெருக்கடியிற் பொறுப்பு மனிதனிடமே மீளுமாயின், அதற்கு வேண்டிய திறனை அவனிடம் பேணுவதும் அவ்வியந்திரத்தை ஆக்குவோரதும் இயக்குவோரதும் கடமையாகும். அதற்கான பயிற்சியை வீண்செலவெனக் கணக்கிடும் பொருளியலையே நாம் கேள்விக்குட்படுத்தவேண்டும்.