703 பீஸுக்கு எத்தனை பெட்டி?

திருப்பூரில் பேக்கிங் செக்‌ஷனில் நிற்பவருக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். 703 பீஸ் பனியன் அனுப்ப வேண்டும். ஒன்று பிடிக்கும் பெட்டி, 64 பிடிக்கும் பெட்டி, 729 பிடிக்கும் பெட்டி என்று இருக்கின்றன. எதுவும் நிரம்பாமல் போகக்கூடாது. 729-க்குச் சரக்கு போதாது. 64-இல் பத்துப் பெட்டி கட்டினால் 640. மீதி 63 பீஸும் ஒற்றை ஒற்றையாகத்தான். ஆக 73 பெட்டி. இதைக் குறைக்க வழியே இல்லை.

ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64, ஆறு மூன்றுகளைப் பெருக்கினால் 729. இதுதான் ஆறாம் அடுக்கு. அடுத்த பெட்டி 4096, அதற்கடுத்தது 15625. ஆர்டர் கோடி கோடியாக வந்தால் 73 பெட்டிக்கு மேல் தேவைப்படுமா? எந்த எண்ணுக்கும் 73 போதும் என்று 1940-இல் நிறுவியவர் எஸ்.எஸ். பிள்ளை. 703-ஐ நாம் ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். ‘எந்த எண்ணுக்கும்’ என்று சொல்வதற்குத்தான் ஒரு கணிதவியலாளரின் ஆயுள் வேண்டியிருக்கிறது. எண்களுக்கு முடிவே கிடையாதே!

ராமானுஜன் பிறந்த ஈரோடு நமக்குப் பக்கத்து ஊர். அவரைத் தெரியாதவர் இங்கே இல்லை. பிள்ளையையும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1901-இல் குற்றாலம் அருகே வல்லத்தில் பிறந்தவர். குழந்தையிலேயே தாயை இழந்தார், பள்ளி முடியும் முன்பே தந்தையையும். ஆசிரியர் ஒருவர் கைகொடுத்ததால் படிப்பு நிற்கவில்லை. 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1770-இல் வேரிங் என்ற ஆங்கிலேயர் எல்லா அடுக்குகளுக்குமாக நிரூபணம் இல்லாமல் எழுதிவைத்த இந்தக் கணக்கை, சிதம்பரத்தில் இருந்தபடியே பிடித்துக்கொண்டார். அதே சமயம் அமெரிக்காவில் டிக்சன் என்ற கணிதவியலாளரும் அதில்தான் இருந்தார். பெரிய அடுக்குகளுக்கு இருவரும் தனித்தனியே விடை கண்டார்கள். வியப்பு என்னவென்றால், இங்கே அடுக்கு குறையக் குறையப் பாடு கூடுகிறது. ஏழுக்கும் மேலுக்கும் இணங்கிய வழி ஆறுக்கு இணங்கவில்லை. அதற்குப் பிள்ளை தனியே உழைக்க வேண்டியிருந்தது.

1950-இல் பிரின்ஸ்டன் அவரை ஓராண்டுக்கு அழைத்தது. ஆகஸ்ட் 31 அன்று, அவர் சென்ற விமானம் கெய்ரோ அருகே விழுந்தது. இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 49.

ஐந்தாம் அடுக்குக்கு 37 போதும் என்று சீனாவின் சென் ஜிங்ருன் 1964-இல் காட்டினார். நான்காம் அடுக்கு 1986 வரை காத்திருந்தது. அதை முடித்த மூவரில் இருவர் பிரெஞ்சுக்காரர்கள், மூன்றாமவர் ஆர். பாலசுப்பிரமணியன், நம்மவர். விடை 19. வேண்டுமானால் 79 பீஸை 1, 16, 81 பெட்டிகளில் கட்டிப் பாருங்கள்.