டிரையர் வாங்குமுன் ஒரு கணக்கு: ஸ்கூடாய் வீட்டின் மின்கட்டணம் எங்கே எகிறுகிறது?

ஸ்கூடாயில் காலையில் சுள்ளென்று வெயில் அடித்தாலும், மதியத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டுவது வாடிக்கை. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். விடியுமுன் கிளம்பி, இரண்டாம் இணைப்புப் பாலம் வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களில், மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஆளிருக்காது. இவர்களுக்கு டிரையர் ஆடம்பரப் பொருளல்ல. ஆனால் அதன் மின்செலவை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம்.

இவ்வளவு மின்சாரம் ஏன்?

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.65 யூனிட், அதாவது 0.65 கிலோவாட் மணி வெப்பம் தேவை. 5 கிலோ பருத்தித் துணி, சலவை இயந்திரம் பிழிந்த பிறகும் சுமார் 3 லிட்டர் தண்ணீரோடுதான் வெளியே வரும். அதை விரட்டவே 2 யூனிட் ஆகிவிடும். சூடான காற்றோடு வெளியேறி வீணாவதையும் சேர்த்தால், ஹீட்டர் வைத்த சாதாரண டிரையர் ஒரு தடவைக்கு 3 யூனிட்டுக்குக் குறையாமல் இழுக்கும். ஹீட் பம்ப் வகை, ஏர்கோன் இயங்கும் அதே முறையில் ஈரக் காற்றின் வெப்பத்தை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறது. அதனால் ஏறக்குறைய பாதி மின்சாரத்தில் வேலை முடிகிறது.

பில் ஏறும் விதம்

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் புதிய மின்கட்டண முறை நடப்பில் உள்ளது. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு, எரிசக்திக்கு 27.03 சென், கொள்ளளவுக்கு 4.55 சென், மின்கம்பிக் கட்டமைப்புக்கு 12.85 சென் என ஒரு யூனிட்டுக்கு மொத்தம் 44.43 சென். குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு இதில் ஊக்கக் கழிவு உண்டு. 200 யூனிட் வரை என்றால், யூனிட்டுக்கு 25 சென் கழியும். பயன்பாடு கூடக் கூடக் கழிவு படிப்படியாகச் சுருங்கி, 1,000 யூனிட்டைத் தாண்டினால் அறவே இல்லாமல் போகும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: புதிய படிக்குரிய கழிவு, கூடுதலாக ஓடிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அந்த மாதத்தின் அத்தனை யூனிட்டுக்கும் பொருந்தும்.

மாதம் 340 யூனிட் பயன்படுத்தும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 301 முதல் 350 வரை கழிவு 21 சென். ஆக, பில் 79.66 ரிங்கிட். சாதாரண டிரையரை மாதம் 20 தடவை ஓட்டினால் 60 யூனிட் கூடி 400 ஆகிறது. அந்தப் படியில் கழிவு 17 சென்தான். பில் 109.72 ரிங்கிட். டிரையரால் கூடியது 30 ரிங்கிட். யூனிட்டுக்குச் சுமார் 50 சென். அறிவிக்கப்பட்ட முழுக் கட்டணத்தையே இது மிஞ்சுகிறது! 350-இலிருந்து 351-க்குப் போகும் அந்த ஒரே யூனிட் மட்டும் பில்லில் 14 ரிங்கிட்டுக்கு மேல் ஏற்றிவிடும். 600-ஐத் தாண்டினால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். 300 யூனிட்டுக்கு மேல் வசூலிக்கப்படும் 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

என்ன செய்யலாம்?

முதலில், நன்றாகப் பிழியுங்கள். சலவை இயந்திரத்தின் சுழற்சியை நிமிடத்துக்கு 800-இலிருந்து 1,200-க்குக் கூட்டினால், 5 கிலோ துணியில் அரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் குறையும். அந்தத் தண்ணீரைச் சூடாக்கி விரட்டுவதைவிடச் சுழற்றிப் பிழிவதற்கு ஆகும் மின்சாரம் மிகச் சொற்பம்.

அடுத்து, வெயில் இருக்கும்போது அரை நாளாவது கொடியில் போட்டு, மிச்ச ஈரத்துக்கு மட்டும் டிரையரைப் பயன்படுத்துங்கள். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுங்கள். அது அடைத்துக்கொண்டால் நேரமும் மின்சாரமும் விரயம், தீ விபத்து அபாயமும் உண்டு.

புதிதாக வாங்குபவர்கள், விலை கூடினாலும் ஹீட் பம்ப் வகையைப் பாருங்கள். சுவிட்சர்லாந்து 2012-லேயே இந்த வகையைக் கட்டாயமாக்கிவிட்டது.

கடைக்குப் போகுமுன், கடந்த 12 மாத மின்கட்டண பில்லை எடுத்து, உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படிக்கு எத்தனை யூனிட் பாக்கி என்று பாருங்கள். மாதத்துக்கு எத்தனை தடவை டிரையரைப் போடலாம் என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள்.