வீலுக்குப் பூட்டு... சாவி எங்க பாஸ்?

'ஒரே ஒரு நாள்தாம்ப்பா... ப்ளீஸ்ப்பா' என்று கெஞ்சிக் கூத்தாடி அப்பாவோட காரை வாங்கிட்டு வந்திருக்கீங்க. ஃப்ரெண்ட் வீட்டு வாசலில் நிறுத்திட்டு, மொட்டை மாடியில் விடிய விடிய அரட்டை. காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்கி வந்தால்... கார் இருக்கு. கண்ணாடி உடையலை. ஆனால், கார் செங்கல் மேல உட்கார்ந்திருக்கு. நாலு வீலும் அபேஸ்!

இப்போ சொல்லுங்க... அப்பாவுக்கு யார் போன் பண்றது?

முழுக் காரையும் கிளப்பிட்டுப் போறது இப்போ கஷ்டம். சாவிக்குள்ள இருக்கிற 'சிப்' பொருந்தலைன்னா இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாது. ஆனால், வீலுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பேனர்... வேலை முடிஞ்சது. மாருதி கார்களில் பெரும்பாலும் 19 மி.மீ. நட், ஹூண்டாயில் 21. ஒரு காரைக் கழற்றின ஸ்பேனர், அதே அளவு நட் இருக்கிற அத்தனை காரையும் கழற்றும். பல கார்களில் அலாரம்கூட கதவைத் திறந்தால்தான் கத்தும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் கண்டுக்காது! இன்னோவா, ஸ்கார்ப்பியோ மாதிரி வண்டிகளில் ஸ்டெப்னி அடியில் தொங்கும். அதையும் விட்டு வைக்க மாட்டாங்க.

இதுக்குத்தான் 'லாக்கிங் வீல் நட்'. அமெரிக்காவின் 'மெக்கார்ட்' கம்பெனி 1964-ல் இருந்தே இந்தப் பிசினஸில் இருக்கு. விஷயம் ரொம்ப சிம்பிள். வீலுக்கு 4 அல்லது 5 நட் இருக்கும் இல்லையா? அதில் ஒண்ணே ஒண்ணை மட்டும் கழற்றிட்டு, இந்தப் பூட்டு நட்டை மாட்டணும். இதோட தலை அறுகோணமா இருக்காது, வழவழன்னு வட்டமா இருக்கும். ஸ்பேனர் வழுக்கும். தலையில் பூ மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு டிசைன். அந்த டிசைனுக்கு அச்சுப் பிசகாமல் பொருந்துற ஒரு குட்டி சாவியும் கூடவே வரும். அதை நட்டில் சொருகி, மேலே வழக்கமான ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் கழன்றுவிடும். நாலு வீலுக்கு நாலு நட், ஒரே சாவி. அவ்வளவுதான்.

'சூப்பர் பாஸ், நாளைக்கே மாட்டிடறேன்' என்கிறீர்களா? இருங்க, சஸ்பென்ஸே இனிமேதான்!

இன்னொரு ராத்திரி. மணி 2. ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி ட்ரிப். மரக்காணம் தாண்டினதும் பஞ்சர். ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கி இருக்கு, தூக்க அஞ்சு பேர் இருக்காங்க. மூணு நட் கழன்றுவிட்டது. நாலாவது? பூட்டு! சாவியைத் தேடினால்... போன மாசம் டயர் மாற்றின கடையிலேயே அது தங்கிடுச்சு.

இந்த நட்டுக்கு ஓனர் யாரு, திருடன் யாருன்னு தெரியாது. சாவி கையில் இருந்தால் நீங்க ஓனர். இல்லைன்னா, உங்களையும் திருடனாத்தான் பார்க்கும். ஆகவே மக்களே, நட்டைவிட முக்கியம் சாவி!

கவனிக்க வேண்டியவை:

* சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி கார் ஆக்சஸரீஸ் கடைகளில் கேட்கும்போது, காரோட மாடலைச் சொல்லி வாங்குங்க. மரை அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொருந்தாததை முறுக்கினால் மரை தேய்ஞ்சு வீலே ஆட்டம் காணும்.

* சாவியை டிக்கியில் ஜாக்கியோடு வைங்க. அங்கேதான் ராத்திரி 2 மணிக்குக் கை போகும். பர்ஸிலோ, வீட்டு பீரோவிலோ வைத்தால் வேலைக்கு ஆகாது.

* சாவியோட கோடு நம்பர் ஒண்ணு தருவாங்க. போட்டோ எடுத்து மொபைலில் வைங்க. சாவி தொலைஞ்சாலும் அந்த நம்பரைக் காட்டி வேற வாங்கலாம்.

* டயர் கடையில் 'டர்ர்ர்...' என்று ஏர் கன் போட விடாதீங்க. டிசைன் நசுங்கினால் சாவியே உட்காராது. கையால் முறுக்கச் சொல்லுங்க. வேலை முடிந்ததும் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி சாவியைக் கேட்டு வாங்குங்க.

* அழகான அலாய் வீல் பாதி விலையில், பில் இல்லாமல் வருதா? வேண்டாம் பாஸ்! திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வாங்கினால் வாங்கினவருக்கும் 3 வருஷம் வரை ஜெயில் உண்டு. நீங்க வாங்கினால்தானே அடுத்தவன் வீலைக் கழற்றுவான்?

பூட்டு போட்டால் திருட்டே நடக்காதா என்றால், அப்படியும் இல்லை. கொஞ்சம் சின்ன ஸ்பேனரை சுத்தியலால் அடித்து இறக்கிக் கழற்றுகிற ஆட்களும் உண்டு. ஆனால் சத்தம் வரும், நேரம் ஆகும். திருடனுக்குப் பிடிக்காத ரெண்டு விஷயம் அதுதான்! அதனால் விளக்கு வெளிச்சத்தில், ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில் நிறுத்துங்க. அப்படியும் போயிடுச்சுன்னா போட்டோ எடுத்துட்டு நேரா போலீஸ் ஸ்டேஷன். வெறும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இருந்தால் ஒரு பைசா வராது. வெளியே வாங்கி மாட்டின அலாயா? அதை பாலிசியிலும் எழுதச் சொல்லுங்க.

சரி, இப்போ ஒரு வேலை செய்யுங்க. வீட்டுக் காரில் ஏதாவது ஒரு நட் மட்டும் வேற மாதிரி இருக்கான்னு ஒவ்வொரு வீலா குனிஞ்சு பாருங்க. இருந்தால் டிக்கியைத் திறந்து சாவியைத் தேடுங்க. கிடைக்கலைன்னா அப்பாகிட்ட இன்னிக்கே சொல்லுங்க. மரக்காணத்தில் இருந்து ராத்திரி 2 மணிக்குச் சொல்றதைவிட இது ரொம்ப ரொம்ப ஈஸி!