ஓமலூர் கிராமங்களுக்கு மலிவு விலையில் வைஃபை: தடையாக இருப்பது எது?

“சார், வாய்ஸ் கட் ஆகுது... ஒரு நிமிஷம், மாடிக்குப் போயிட்டுப் பேசறேன்!”

பெங்களூரு கம்பெனியில் வேலை, ஓமலூர் பக்கம் கிராமத்தில் வீடு என்றால் இந்த வசனம் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். நெட் சரியில்லை என்பதற்காகவே ஊரை விட்டு மறுபடி வாடகை வீடு தேடிப் போகிறவர்களும் உண்டு. கிராமத்துக்குக் குறைந்த செலவில் வேகமான இணையத்தைக் கொண்டுவரவே முடியாதா?

கேபிள் ஏன் வருவதில்லை?

கேபிளின் விலையைவிட அதை இழுத்துவரும் செலவுதான் அதிகம். குழி தோண்டணும் அல்லது கம்பம் நடணும், அனுமதி வாங்கணும், அறுந்தால் ஒட்டணும். நகரத்தில் ஒரே தெருவில் நூறு வீடு இருப்பதால் செலவு பிரிந்துவிடும். தோட்டத்துக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி நிற்கும் பத்து வீடுகளுக்கு அது கட்டுப்படியாகாது.

வயர்லெஸ் எப்படி உதவும்?

ஃபைபர் வந்து நிற்கும் இடத்தில் உயரமாக ஒரு ஆன்டெனா. சில கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குள் இன்னொரு ஆன்டெனா. நடுவில் குழியும் இல்லை, கேபிளும் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். குறுக்கே தென்னந்தோப்பு வந்தால் சிக்னல் படுத்துவிடும். அதனால்தான் தண்ணீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடம் போன்ற உயரமான இடங்கள் தேவை.

இதற்கான அலைவரிசைக்குக் கட்டணமும் கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-லும், திறந்தவெளியில் 5 கிகாஹெர்ட்ஸ் பயன்படுத்த 2018-லும் மத்திய அரசு உரிமத்திலிருந்து விலக்கு அளித்துவிட்டது.

தமிழ்நாட்டில் யாராவது செய்து பார்த்தார்களா?

இந்தியாவின் முன்னோடிகளில் நாமும் உண்டு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய ‘கார்டெக்ட்’ வயர்லெஸ் தொழில்நுட்பத்தை வைத்து, மதுரை மாவட்டம் மேலூர் பகுதிக் கிராமங்களில் 2001-லேயே இணைய மையங்கள் திறக்கப்பட்டன. வேகம் அதிகபட்சம் 70 கேபிபிஎஸ்தான். பிற்பாடு பல மையங்கள் மூடப்பட்டன. வருமானம் போதவில்லை, பழுது பார்க்க உள்ளூரில் ஆளும் இல்லை.

அடுத்து தேனி. அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, வீட்டில் நாம் பயன்படுத்தும் அதே வைஃபையை நெடுந்தூரத்துக்கு ஏற்றபடி மாற்றி, கிராமத்துப் பார்வை மையங்களை மருத்துவமனையோடு இணைத்தார்கள். நோயாளி கிராமத்திலேயே உட்கார்ந்து, தேனியில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் பேசினார். தினமும் பயன்படுத்த ஒரு காரணமும், பராமரிக்க ஒரு நிறுவனமும் இருந்ததால் அது நின்றது.

இன்றைக்கு என்ன வாய்ப்பு?

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோவது பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீடு வரையிலான தூரத்தைத்தான் வயர்லெஸ் கடக்க வேண்டும்.

அந்தக் கடைசித் தூரத்துக்கு 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘பிஎம்-வாணி’ கைகொடுக்கும். டீக்கடையோ மளிகைக்கடையோ, பிராட்பேண்ட் இணைப்பு வாங்கி, பதிவுபெற்ற ஒருங்கிணைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து வைஃபை விற்கலாம். கடைக்காரருக்கு உரிமம் தேவையில்லை, அரசுக்குக் கட்டணமும் இல்லை. வாடிக்கையாளர் செயலி வழியாக நுழைந்து, தேவைக்கு ஏற்ற சின்ன பேக்கை வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் ஏன் பரவவில்லை?

2022-க்குள் 1 கோடி பொது வைஃபை மையங்கள் என்பது 2018 தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கையின் இலக்கு. பிஎம்-வாணியில் வந்ததோ சில லட்சம்தான். முக்கியக் காரணம், வைஃபை விற்க வந்த சின்னக் கடைக்காரரிடம் பெரிய கம்பெனிகளுக்கான விலையில் இணைப்பு வாங்கச் சொன்னது. 2025 ஜூனில் டிராய் இதற்குக் கடிவாளம் போட்டது. 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு ஃபைபர் திட்டங்களை, வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மிகாமல் இந்தக் கடைகளுக்குத் தர வேண்டும்.

ஆக, அலைவரிசை இலவசம், கருவி கிடைக்கிறது, விலைக்கும் வரம்பு வந்துவிட்டது. மேலூர் சொன்ன பாடம் மட்டும் மிச்சம்: மழையில் ஆன்டெனா திரும்பிக்கொண்டால் ஏறிச் சரிசெய்ய ஊரில் ஒருவர் வேண்டும், அவருக்கு மாதாமாதம் வருமானமும் வேண்டும்.

அடுத்த கிராம சபையில் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “நம்ம ஊராட்சிக்கு ஃபைபர் வந்தாச்சா? வந்திருந்தா, அது ஆபீஸைத் தாண்டி வெளியே வர என்ன ஏற்பாடு?”